சமிக்ஞை நொதிகளைச் செல் சவ்வில் நிறுத்துவது எது?

நீங்கள் கேட்டிருப்பது இது: செல்லின் உட்திரவத்தில் கரைந்து திரியும் சமிக்ஞை நொதிகள், வெளியிலிருந்து வரும் ஒரு ஹார்மோனோ வளர்ச்சிக் காரணியோ ஏற்பியைத் தொட்டதும், சில விநாடிகளுக்குள் செல் சவ்வின் உட்புறத்தில் போய்க் குவிகின்றன. அவற்றை அங்கே இட்டுச்செல்வது எது, அந்த வழிகாட்டுதல் புரதத்தின் வடிவத்தில் எந்த இடத்தில் இருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பெரும்பாலான சமிக்ஞை நொதிகளை யாரும் சவ்வுக்கு இட்டுச்செல்வதில்லை. செல்லின் உட்திரவத்தில் ஒரு நடுத்தரப் புரதத்தின் பரவல் வேகம் விநாடிக்குப் பத்து சதுர மைக்ரோமீட்டர் என்ற அளவில் இருக்கும். அந்தக் கணக்கில், செல்லின் நடுவிலிருந்து ஐந்து மைக்ரோமீட்டர் தொலைவிலுள்ள சவ்வைச் சென்று தொட அதற்குச் சராசரியாக அரை விநாடி போதும். அதாவது, சமிக்ஞை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொதி சவ்வின் மீது ஓயாமல் மோதிக்கொண்டேதான் இருக்கிறது. மோதியபின் அது உடனே திரும்பிவிடுகிறதா, அல்லது அங்கே தங்குகிறதா என்பதை மட்டுமே புரதத்தின் வடிவம் முடிவுசெய்கிறது. ஆகவே வடிவத்தின் வேலை வழி காட்டுவது அன்று, பிடித்து நிறுத்துவது. அந்தப் பிடிப்பும் ஒரே வலுவான பிணைப்பால் ஆனதன்று. தனித்தனியே போதாத பல மெலிந்த பிணைப்புகள் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் நொதி நிற்கும். இந்த மெலிவைக் குறையாக எண்ணிவிடக் கூடாது. சமிக்ஞை அடங்கியதும் நொதி சவ்வை விட்டுப் பிரிய முடிவதே இதனால்தான்.

சவ்வில் தங்குவதால் என்ன பயன் என்பதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். பத்து மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையான செல்லின் கனஅளவு ஏறத்தாழ 520 கன மைக்ரோமீட்டர். சவ்வின் உட்புறத்தை ஒட்டி 10 நானோமீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் கனஅளவு மூன்று கன மைக்ரோமீட்டருக்குச் சற்றே அதிகம். செல் முழுவதும் பரவியிருந்த நொதி மூலக்கூறுகள் அனைத்தும் அந்த அடுக்குக்குள் வந்துவிட்டால் அவற்றின் செறிவு சுமார் 170 மடங்கு உயர்கிறது. புதிதாக ஒரு மூலக்கூறுகூட உருவாக்கப்படவில்லை. சவ்வின் தளத்தில் நகர்வது திரவத்தில் நகர்வதைவிட மெதுவானது என்பதால் இந்த ஆதாயம் முழுவதும் வினை வேகமாக மாறுவதில்லை. ஆயினும் மிஞ்சுவது பெரியதுதான். சில நொதிகளுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. கொழுப்பை வெட்டும் பாஸ்போலைப்பேஸ்களும், கொழுப்பில் பாஸ்பேட்டை ஏற்றும் பாஸ்போஇனோசிடைடு 3-கைனேஸும் வினைபுரிய வேண்டிய பொருளே சவ்வின் கொழுப்பு என்பதால், அவை அங்கே போனால்தான் வேலையே உண்டு.

சவ்வின் பக்கத்திலிருந்து பார்த்தால், பற்றிக்கொள்ள அது மூன்று வகையான பிடிகளை அளிக்கிறது. கொழுப்பு ஈரடுக்கின் நடுவில் சுமார் மூன்று நானோமீட்டர் தடிமனுள்ள நீர்வெறுக்கும் பகுதி இருக்கிறது. கார்பன் சங்கிலிகளும் நீர்வெறுக்கும் அமினோ அமிலங்களும் அதற்குள் புதைய விரும்பும். செல் சவ்வின் உள் அடுக்கில் பாஸ்போடைடைல்செரின் போன்ற அமிலக் கொழுப்புகள் கணிசமாக இருப்பதால் அந்தப் பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. லைசீனும் ஆர்ஜினினும் செறிந்த புரதப் பரப்புகளை அது ஈர்க்கும். மூன்றாவதாக, அளவில் மிகக் குறைந்தாலும் தனி அடையாளம் கொண்ட சில கொழுப்புகள் உள்ளன. இனோசிட்டால் வளையத்தின் 4, 5 ஆகிய இடங்களில் பாஸ்பேட்டுகளைக் கொண்ட பிஐபி2, செல் சவ்வுக் கொழுப்புகளில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். அதன் மீது 3-ஆம் இடத்திலும் ஒரு பாஸ்பேட்டு ஏறினால் வரும் பிஐபி3, ஓய்வுநிலைச் செல்லில் அதைவிட மிக மிகக் குறைவு; வளர்ச்சிக் காரணி வந்தபின் பல மடங்கு கூடுகிறது. பிஐபி2-வைப் பாஸ்போலைப்பேஸ் சி வெட்டும்போது பிறக்கும் டைஅசைல்கிளிசராலும் அப்படிச் சில நிமிடங்களே வாழும் கொழுப்பு. முதல் இரண்டு பிடிகள் எந்நேரமும் உள்ளவை. மூன்றாவதைத்தான் சமிக்ஞை தோற்றுவிக்கவும் அழிக்கவும் செய்கிறது.

இந்தப் பிடிகளைப் பற்றும் புரதப் பகுதிகள் பெரும்பாலும் டொமைன்கள். அதாவது, நொதியின் வினைபுரியும் பகுதியிலிருந்து விலகித் தனியே மடிந்து நிற்கும், ஐம்பது முதல் நூற்றைம்பது அமினோ அமிலங்கள் வரை நீளமுள்ள சிறு துண்டுகள். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் பேசுவதைவிட, மிகத் தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு நொதியை அருகில் வைத்துப் பார்ப்பதே நல்லது என்று நினைக்கிறேன். அது, பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் புரத கைனேஸ் சி. ஜப்பானைச் சேர்ந்த யசுடோமி நிஷிசூகாவின் குழு 1977-இல் கண்டறிந்த இந்த நொதியில் சி1, சி2 என்ற இரண்டு வகை டொமைன்களும் உள்ளன; இரண்டும் சவ்வைப் பற்றும் விதம் முற்றிலும் வேறானது.

சி1 டொமைனில் சுமார் ஐம்பது அமினோ அமிலங்களே உண்டு. இவ்வளவு சிறிய துண்டு குலையாமல் மடிந்து நிற்பதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் இரண்டு துத்தநாக அயனிகள்; ஒவ்வோர் அயனியையும் மூன்று சிஸ்டீன்களும் ஒரு ஹிஸ்டிடீனும் நான்கு பக்கமும் பிடித்திருக்கின்றன. டொமைனின் ஒரு முனையில் பீட்டா இழைகள் இரண்டு விலகி, நடுவே ஒரு பள்ளம் உண்டாகிறது. அந்த முனையின் வெளிப்புறம் முழுவதும் நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள். அதற்குச் சற்றுக் கீழே டொமைனைச் சுற்றி நேர்மின்னூட்டம் கொண்டவை வரிசையாக நிற்கின்றன. முனை சவ்வின் உள்ளே புதைய வேண்டியது, நடுப்பகுதி அமிலத் தலைகளைத் தொட வேண்டியது என்பதை இந்தப் பங்கீடே காட்டிவிடுகிறது. ஆனால் ஓர் இடையூறு இருக்கிறது. பள்ளத்தின் உட்சுவரில் நீர்நாடும் அணுக்கள் திறந்து கிடக்கின்றன. அவை நீர் மூலக்கூறுகளோடு பிணைந்திருப்பதால், அந்த நீரைக் கைவிட்டுக் கொழுப்புக்குள் நுழைய ஆற்றல் செலவாகும். முனை சவ்வுக்குள் இறங்கத் தயங்குகிறது.

இங்கேதான் டைஅசைல்கிளிசரால் வருகிறது. அதே வேலையை இன்னும் வலுவாகச் செய்யும் பொருள் ஃபோர்பால் எஸ்டர். நேர்வாள விதை எண்ணெயில் கிடைக்கும் இந்தப் பொருள் தோலில் கட்டிகள் வளரத் தூண்டுவது முன்பே தெரிந்திருந்தது. அது நேரடியாகப் புரத கைனேஸ் சி-யைத் தூண்டுகிறது என்பது 1982-இல் வெளிவந்தது. எப்படித் தூண்டுகிறது என்பதை 1995-இல் வெளியான படிக அமைப்பு காட்டியது. ஃபோர்பால் பள்ளத்துக்குள் இறங்கி, அங்கே திறந்திருந்த நீர்நாடும் அணுக்களோடு ஹைட்ரஜன் பிணைப்புகளை அமைத்துக்கொள்கிறது. அதன் நீர்வெறுக்கும் முதுகு வெளியே பார்த்தபடி, குப்பியின் வாயைத் தக்கை அடைப்பதுபோல் பள்ளத்தை அடைத்துவிடுகிறது. இப்போது டொமைனின் முனை இடைவெளி இல்லாத ஒரே நீர்வெறுக்கும் பரப்பு. இந்த அமைப்பில் என்னை இன்றும் வியக்கவைப்பது, ஃபோர்பால் சேர்வதற்கு முன்னும் சேர்ந்தபின்னும் புரதத்தின் மடிப்பில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இல்லை என்பதுதான். ஒரு சிறு மூலக்கூறு வந்து ஒட்டினால் புரதம் உருமாறித்தான் வேலை செய்யும் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே வடிவம் மாறவில்லை. பரப்பின் தன்மை மாறியது, அவ்வளவே.

ஒரே ஓர் அமினோ அமிலம் எவ்வளவு தூரம் கணக்கை மாற்றும் என்பதற்கும் இந்த டொமைனே சான்று. புரத கைனேஸ் சி குடும்பத்தில் கால்சியத்தை நம்பியிருக்கும் மரபுவழி வகைகளும், கால்சியம் தேவைப்படாத டெல்டா, எப்சிலான் போன்ற வகைகளும் உண்டு. முதல் வகையின் சி1 டொமைன் ஒன்றில் பள்ளத்தின் அருகே டைரோசீன் நிற்கும் குறிப்பிட்ட இடத்தில், இரண்டாம் வகையில் டிரிப்டோஃபான் நிற்கிறது. டிரிப்டோஃபான் சவ்வின் எல்லைப் பகுதியில் இருக்க மிகவும் விரும்பும் அமினோ அமிலம். டைரோசீனை அந்த இடத்தில் டிரிப்டோஃபானாக மாற்றினால், டைஅசைல்கிளிசரால் உள்ள சவ்வின் மீதான பிடிப்பு ஏறக்குறைய நூறு மடங்கு உயர்கிறது. இரண்டாம் வகை நொதிகள் கால்சியத்தின் உதவியின்றியே செல்லில் இயல்பாக உருவாகும் சிறிதளவு டைஅசைல்கிளிசராலுக்கு எதிர்வினை காட்டுவது இதனால்தான்.

மரபுவழி வகைக்கு அந்த வலிமை இல்லை. ஆகவே அதற்குச் சி2 தேவைப்படுகிறது. இது சுமார் 130 அமினோ அமிலங்கள் கொண்ட, எட்டு பீட்டா இழைகள் இரண்டு தகடுகளாக அடுக்கப்பட்ட டொமைன். அதன் ஒரு முனையில் மூன்று வளைவுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஐந்து ஆஸ்பார்டேட்டுகள் நெருங்கி நிற்பதால் அந்த முனை வலுவான எதிர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டமுள்ள சவ்வை அது விலக்கத்தான் செய்யும். ஓய்வுநிலையில் உட்திரவத்தின் கால்சியச் செறிவு சுமார் 0.1 மைக்ரோமோலார், சமிக்ஞையின்போது அது ஒரு மைக்ரோமோலார் அளவுக்கு ஏறுகிறது. அப்போது இரண்டு அல்லது மூன்று கால்சியம் அயனிகள் ஆஸ்பார்டேட்டுகளின் நடுவே வந்து அமர்கின்றன. முனையின் மின்னூட்டம் எதிரிலிருந்து நேராகப் புரள்கிறது, விலக்கம் ஈர்ப்பாகிறது. அதோடு, புரதம் முழுமையாகச் சூழ்ந்துகொள்ளாத கால்சியத்தின் வெளிப்புறம் பாஸ்போடைடைல்செரினின் தலைப்பகுதியை நேரடியாகப் பற்றுகிறது. சவ்வு அருகில் இல்லாதபோது சி2 கால்சியத்தைப் பிடிப்பது மெலிவாகவே. சவ்வு கிடைத்ததும் கால்சியத்தின் மீதான பிடியும் இறுகுகிறது. சி2, கால்சியம், சவ்வு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்தப் பிணைப்பை முழுமையாக்குகின்றன. இத்துடன், ஆல்பா வகையில் பீட்டா தகட்டின் பக்கவாட்டில் லைசீன்கள் நிறைந்த இன்னொரு பள்ளம் பிஐபி2-வையும் பற்றுவதால், பாஸ்போடைடைல்செரினும் பிஐபி2-வும் ஒருங்கே உள்ள செல் சவ்வே அதற்கு ஏற்ற இடமாகிறது.

சி2 என்றாலே செல் சவ்வு என்று எண்ணிவிடக் கூடாது. அரக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கும் உட்திரவப் பாஸ்போலைப்பேஸ் ஏ2-விலும் கால்சியம் பற்றும் சி2 டொமைன் உண்டு. மடிப்பு ஏறத்தாழ அதேதான். ஆனால் அதன் வளைவுகளின் நுனியில் நீர்வெறுக்கும் அமினோ அமிலங்கள் நிற்பதால், அது மின்னூட்டமற்ற பாஸ்போடைடைல்கோலினையே நாடி, அந்தக் கொழுப்புக்குள் நுனியைப் புதைக்கிறது. விளைவாக, அதே கால்சிய உயர்வு ஒரு நொதியைச் செல் சவ்விலும் மற்றொன்றைக் கோல்கி உறுப்பு, உட்கரு உறை ஆகியவற்றின் சவ்வுகளிலும் நிறுத்துகிறது. மடிப்பு டொமைனின் குடும்பத்தைச் சொல்கிறது. சேரும் இடத்தை மடிப்பின் நுனியிலுள்ள சில அமினோ அமிலங்களே சொல்கின்றன.

மீண்டும் புரத கைனேஸ் சி-க்கு வருவோம். கால்சியம் ஏறியதும் சி2 நொதியைச் சவ்வுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. சவ்வின் தளத்திலேயே நொதி நகரும்போது, சி1 டைஅசைல்கிளிசராலைத் தேடிப் பிடிக்கிறது. இதற்குள் கால்சியம் இறங்கிவிட்டால் நொதி கழன்று உட்திரவத்துக்குத் திரும்பும். டைஅசைல்கிளிசராலும் கிடைத்தால் மட்டுமே அது நிலைத்து நிற்கும். ஆனால் நிற்பது மட்டும் வேலையைத் தொடங்கிவிடாது. நொதியின் வினைக்குழியில், அது வழக்கமாகத் தாக்கும் புரதத்தின் தொடரை ஒத்திருக்கும், ஆனால் பாஸ்பேட்டை ஏற்க வேண்டிய செரின் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் இருக்கும் ஒரு சிறு துண்டு அமர்ந்து குழியை மறித்துக்கொண்டிருக்கிறது. போலி இலக்கு எனப்படும் இந்தத் துண்டும் அதே புரதச் சங்கிலியின் பகுதியே. சி1-உம் சி2-உம் சவ்வைப் பற்றும்போது கிடைக்கும் ஆற்றலே இந்தத் துண்டைக் குழியிலிருந்து இழுத்து வெளியேற்றச் செலவாகிறது. இடம் சேர்வதும் விழிப்பதும் இவ்வாறு ஒரே நிகழ்வாக இணைக்கப்பட்டிருப்பதால், தவறான இடத்தில் நிற்கும் நொதி தவறாக வேலை செய்யும் வாய்ப்பு குறைகிறது.

சீட்டா, அயோட்டா என்ற மாறுபட்ட வகைகளிலும் சி1 டொமைன் இருக்கிறது. ஆயினும் பள்ளத்தின் விளிம்பில் ஆர்ஜினின்கள் நிற்பதால் டைஅசைல்கிளிசரால் உள்ளே இறங்குவதில்லை. அவை வேறொரு புரதத்தைப் பற்றித்தான் தம் இடத்துக்குச் செல்கின்றன.

இனி பி.எச். டொமைன். 1993-இல் பிளெக்ஸ்ட்ரின் என்ற புரதத்தில் இனங்காணப்பட்ட இது, ஏழு பீட்டா இழைகளின் பீப்பாயும் அதன் ஒரு முனையை மூடும் ஆல்பா சுருளும் கொண்டது. பீப்பாயின் திறந்த முனையில் லைசீன்களும் ஆர்ஜினின்களும் சூழ்ந்த குழி, இனோசிட்டால் தலையின் பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகப் பற்றுகிறது. எந்தப் பாஸ்பேட்டு எங்கே இருக்கிறது என்பதைக் குழியின் வடிவம் அளந்துபார்ப்பதால், பாஸ்போலைப்பேஸ் சி டெல்டா1-இன் பி.எச். பிஐபி2-வையும், பிடிகே என்ற கைனேஸின் பி.எச். பிஐபி3-ஐயும் தேர்ந்தெடுக்கின்றன. முதலாவதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. பிஐபி2-வை வெட்டும்போது விடுபடும் இனோசிட்டால் முப்பாஸ்பேட்டு, அதே குழியில் பிஐபி2-வைவிட வலுவாக ஒட்டும். ஆகவே நொதி வேலை செய்யச் செய்ய, அதன் விளைபொருளே அதைச் சவ்விலிருந்து கழற்றத் தொடங்குகிறது.

இந்தக் குழியில் ஒரு மின்னூட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதை நோய்கள் காட்டியிருக்கின்றன. பிடிகே-யின் 28-ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினின், பிஐபி3-இன் பாஸ்பேட்டைப் பற்றும் அமினோ அமிலங்களுள் ஒன்று. அது சிஸ்டீனாக மாறிய எலிகளில், எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும் பி செல்களின் வளர்ச்சி குன்றுகிறது. மனிதரில் அதே இடத்தில் நேரும் திரிபுகள், 1952-இல் புரூட்டன் விவரித்த எதிர்ப்புப் புரதக் குறைபாட்டு நோயை உண்டாக்குகின்றன. கைனேஸ் பகுதி முழுதாக இருக்கிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியவில்லை, நோய் வந்துவிடுகிறது. இதற்கு நேர் எதிரான திசையில், பி.எச். டொமைன் கொண்ட ஏகேடி1 என்ற கைனேஸ் இருக்கிறது. அதன் 17-ஆம் இடத்தில் குளுட்டாமேட்டு லைசீனாக மாறும் திரிபு மார்பகம், பெருங்குடல், சூலகம் ஆகியவற்றின் புற்றுகளில் காணப்படுவதாக 2007-இல் தெரியவந்தது. எதிர்மின்னூட்டம் போய் நேர்மின்னூட்டம் வந்ததால் குழியின் தேர்வு தளர்ந்து, எப்போதும் சவ்வில் இருக்கும் பிஐபி2-வோடும் அது ஒட்டத் தொடங்குகிறது. பிஐபி3-க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏகேடி-யின் பி.எச். உட்திரவத்தில் இருக்கும்போது கைனேஸ் பகுதியின் மீது மடிந்து அதை அடக்கிவைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே மாற்றம் எப்படி நொதியை அயராமல் விழித்திருக்கச் செய்கிறது என்பது விளங்கும்.

டொமைன்கள் இல்லாமல், புரதத்தில் கொழுப்புச் சங்கிலியையே ஒட்டவைக்கும் வழியும் உண்டு. சார்க் கைனேஸின் முதல் கிளைசீனில் 14 கார்பன்கள் கொண்ட மிரிஸ்டிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. அந்தச் சங்கிலி சவ்வுக்குள் புதைவதால் கிடைக்கும் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 8 கிலோகலோரி. இது ஒரு புரதத்தை உறுதியாகப் பிடித்துவைக்கப் போதாது. அதன் தொடக்கத் துண்டில் நேர்மின்னூட்டமுள்ள லைசீன்களும் ஆர்ஜினின்களும் சேர்ந்திருப்பதால், அமிலக் கொழுப்புகள் உள்ள சவ்வின் மீதான பிடிப்பு ஆயிரக்கணக்கான மடங்கு கூடுகிறது. இரண்டு போதாமைகள் கூடினால் வரும் பலம் கூட்டலாக அன்றிப் பெருக்கலாக இருப்பதன் காரணம், பிணைப்பு ஆற்றல்கள் கூடும்போது பிணைப்பு மாறிலிகள் பெருகுவதே. 1980-களின் நடுவில் செய்யப்பட்ட சோதனைகள் இதன் முக்கியத்துவத்தைத் தெளிவாக்கின: புற்றை உண்டாக்கும் வைரஸிலுள்ள சார்க்கின் கிளைசீனை மாற்றி மிரிஸ்டிக் அமிலம் ஒட்டாமல் தடுத்தபோது, அதன் கைனேஸ் வேகம் குறையவில்லை, ஆனால் செல்லைப் புற்றாக மாற்றும் ஆற்றல் போய்விட்டது.

திரிபுற்றால் புற்றை உண்டாக்கும் ராஸ் என்ற சமிக்ஞைப் புரதங்களில் இதே கூட்டு வேறு உருவில் வருகிறது. கே-ராஸ் 4பி-யின் இறுதிப் பகுதியில் ஆறு லைசீன்கள் தொடர்ந்து வருகின்றன. அதன் பின்னுள்ள சிஸ்டீனில் 15 கார்பன்கள் கொண்ட ஃபார்னசில் சங்கிலி ஒட்டப்படுகிறது. அந்தச் சங்கிலியை ஒட்டும் நொதியைத் தடுத்தால் ராஸ் சவ்வை அடையாது, புற்று அடங்கும் என்ற நம்பிக்கையில் மருந்துகள் உருவாக்கப்பட்டன. ஆனால் அந்த நொதி தடுக்கப்பட்டபோது, கே-ராஸில் 20 கார்பன்கள் கொண்ட இன்னொரு சங்கிலியை வேறொரு நொதி ஒட்டிவிட்டது. பிடிப்பு நிகழும் விதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களே இதில் ஏமாந்தார்கள். மாற்றுவழி ஒன்று திறந்திருப்பது பின்னரே தெரிந்தது.

ஏபிஎல் கைனேஸில் மிரிஸ்டிக் சங்கிலி சவ்வுக்குள் போவதற்குப் பதிலாகத் தன் கைனேஸ் பகுதியின் அடியிலுள்ள ஒரு குழிக்குள் வளைந்து நுழைந்து நொதியை அடக்கிவைக்கிறது. நாட்பட்ட மைலாய்டு வெள்ளணுப் புற்றில் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் இணைவுப் புரதத்தில் அந்தத் தொடக்கத் துண்டே இழக்கப்பட்டிருப்பதால் குழி காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலிக் குழியில் போய் அமர்ந்து நொதியை மீண்டும் அடக்கும் மருந்து அசிமினிப். அமெரிக்காவில் அது 2021-இல் ஒப்புதல் பெற்றது.

சவ்வில் நிற்பதுபோல் சவ்வை விட்டு வருவதும் வடிவத்தால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. பிஐபி3-இன் பாஸ்பேட்டை நீக்கி ஏகேடி-யின் வழியை அடைக்கும் பிடென் நொதியில் கால்சியம் தேவைப்படாத ஒரு சி2 டொமைனும், பிஐபி2-வைப் பற்றும் தொடக்கத் துண்டும் இருக்கின்றன. அதன் நெகிழ்ந்த வாலில் பாஸ்பேட்டுகள் ஏறியிருக்கும்போது, எதிர்மின்னூட்டம் மிகுந்த அந்த வால் திரும்பி வந்து சவ்வைத் தொட வேண்டிய நேர்மின்னூட்டப் பரப்பை மூடிக்கொள்கிறது. வால் திறந்த நேரங்களில்கூட ஒரு பிடென் மூலக்கூறு சவ்வில் தங்குவது ஒரு விநாடிக்கும் குறைவாகவே. அந்தக் குறுகிய வருகைகளே அதன் வேலைக்குப் போதுமானவை.

இந்தத் துறையின் கட்டுரைகளைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை தேவை. கொழுப்புகளைத் தாளில் புள்ளிகளாக இட்டு, எதன்மீது புரதம் ஒட்டுகிறது என்று பார்க்கும் சோதனை எளியது. அதனாலேயே மிகுதியாகச் செய்யப்பட்டது. தாளில் உலர்ந்த கொழுப்பு ஈரடுக்காக இருப்பதில்லை. நேர்மின்னூட்டமுள்ள எந்தப் புரதமும் பாஸ்பேட்டு நிறைந்த புள்ளியில் ஒட்டிக்கொண்டு தேர்வு இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தரும். கொழுப்புக் குமிழ்களைக் கொண்டு ஈஸ்டின் முப்பதுக்கும் மேற்பட்ட பி.எச். டொமைன்களை முறையாகச் சோதித்தபோது, வலுவும் தேர்வும் ஒருங்கே கொண்டதாக ஒன்றே தேறியது. மற்றவற்றில் பல, தனியே இருந்தால் சவ்வைப் பிடிக்க முடியாமல், அருகிலுள்ள ஒரு புரதத்தையும் கொழுப்பையும் சேர்த்துப் பற்றும்போது மட்டும் நிற்பவை. ஜி-புரத ஏற்பிகளின் கைனேஸ் 2 அப்படித்தான்: அதன் பி.எச். பிஐபி2-வையும் ஜி-புரதத்தின் பீட்டா-காமா இணையையும் ஒருங்கே வேண்டுகிறது.

ஆகவே ஒரு புதிய நொதியின் தொடரில் சி1 அல்லது பி.எச். இருப்பதாகத் தரவுத்தளம் சொன்னால், அதை அப்படியே சவ்வுப் பிணைப்பு என்று எழுதிவிட வேண்டாம். கணினி கணித்த வடிவ மாதிரி ஒன்றைத் திறந்து, சி1 என்றால் பள்ளத்தின் விளிம்பில் ஆர்ஜினின்கள் நிற்கின்றனவா என்றும், டிரிப்டோஃபானா டைரோசீனா என்றும், பி.எச். என்றால் குழியின் அடியில் லைசீனும் ஆர்ஜினினும் உரிய இடங்களில் உள்ளனவா என்றும், சி2 என்றால் ஐந்து ஆஸ்பார்டேட்டுகளும் எஞ்சியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு சோதனைக் கட்டுரைக்குச் சென்று, எந்தக் கொழுப்புகளை எந்த விகிதத்தில் கலந்த குமிழ்கள் பயன்படுத்தப்பட்டன, கால்சியம் எவ்வளவு என்பதைத் தேடுங்கள். பத்து விழுக்காடு பிஐபி2 கலந்த குமிழில் ஒட்டிய புரதம், ஒரு விழுக்காடே உள்ள செல் சவ்வில் ஒட்டும் என்பதற்கு அந்தச் சோதனை சான்றாகாது.